ஸ்டாம்புக்குள் ஒரு சி.ஐ.டி! கள்ளத் தபால் தலை ஒட்டினால் தண்டம் யாருக்கு?

(நமது நிருபர்)

கொடைக்கானலில் இருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், பூம்பாறையையும் தாண்டி மேல்மலையில் இருக்கிறது கூக்கால். ஏரி, பூண்டு வயல், மேகம், குளிர். சின்ன ஊர்.

அந்த ஊர்ப் பாட்டி ஒருவருக்கு, பட்டணத்தில் இருக்கும் பேரனிடம் இருந்து தபால் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் கடிதத்தை நீட்டவில்லை. கையை நீட்டுகிறார்.

"பாட்டி, பத்து ரூபாய் எடுங்க."

"எதுக்கு தம்பி? பேரன் போட்ட தபாலுக்கு நான் ஏன் காசு தரணும்?"

"ஒட்டியிருக்கிறது பழைய ஸ்டாம்பு பாட்டி. முத்திரையைக் கழுவிட்டு மறுபடி ஒட்டியிருக்காங்க. செல்லாது."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் விதி கற்பனை அல்ல! செல்லாத ஸ்டாம்பு ஒட்டிய கடிதம், ஸ்டாம்பே ஒட்டாத கடிதத்துக்குச் சமம். குறைகிற கட்டணத்தைப் போல இரண்டு மடங்கை, கடிதத்தை வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். ஐந்து ரூபாய்க் கடிதத்துக்குப் பத்து ரூபாய்! வாங்க மறுத்தால், கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

தப்பு செய்தவர் ஒருவர். தண்டம் கட்டுகிறவர் இன்னொருவர். இதைத் தடுப்பதற்காகத்தான் தபால் தலைக்குள் பல ரகசியங்களை ஒளித்து வைத்தார்கள். அந்தக் கதை சுவையானது. விவரம் வருமாறு:-

சிவப்பு மையால் வந்த வினை

உலகத்தின் முதல் தபால் தலை, 1840-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது. கறுப்பு நிறம். விலை ஒரு பென்னி. விக்டோரியா ராணியின் தலை.

முதல் தபால் தலையிலேயே காவல் போட்டுவிட்டார்கள். காகிதத்துக்குள் கிரீடம் போன்ற நீர்க்குறி, அதாவது "வாட்டர் மார்க்". கீழே இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு எழுத்து. ஒரு தாளில் 240 தபால் தலைகள். ஒன்றில் இருக்கும் எழுத்து ஜோடி அடுத்ததில் இருக்காது. கள்ளத்தனமாக அச்சடிப்பவன் ஒரே எழுத்தையே திரும்பத் திரும்ப அடித்தால் மாட்டிக்கொள்வான்!

ஆனால் ஒரு சின்ன விஷயத்தில் கோட்டை விட்டார்கள். கறுப்புத் தலையின் மீது சிவப்பு மையில் முத்திரை குத்தினார்கள். அந்த மையை அழித்துவிட்டு, மறுபடியும் ஒட்ட முடிந்தது. எனவே மறு வருடமே, 1841-ல், தலையைச் சிவப்பாக்கி முத்திரை மையைக் கறுப்பாக்கினார்கள். தபால் ஆபீசில் கறுப்பு மையால் 'டப், டப்' என்று குத்துவதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

காட்டிக் கொடுத்த எழுத்து

மூலையில் இருந்த எழுத்துகள் பின்னால் ஒரு பெரிய மோசடியையே காட்டிக் கொடுத்தன.

லண்டன் பங்கு மார்க்கெட்டில் இருந்த தந்தி ஆபீசில், 1872-ம் ஆண்டு வாக்கில், தந்தி பாரங்களில் ஒரு ஷில்லிங் பச்சைத் தபால் தலைகள் ஒட்டப்பட்டன. அவற்றில் பல கள்ளத் தலைகள். தந்தி கொடுக்க வந்தவர் கட்டிய பணம் யாரோ ஒருவர் பைக்குள் போனது. பங்கு வியாபாரிகளுக்கு அவசரம். ஸ்டாம்பை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

26 ஆண்டுகள் கழித்து, 1898-ல், பழைய தந்தி பாரங்களைப் புரட்டிய சார்லஸ் நிசென் என்ற தபால் தலை நிபுணர் கண்டுபிடித்தார். அந்தத் தலைகளில் நீர்க்குறியே இல்லை. அசல் தாளில் வரவே முடியாத எழுத்து ஜோடிகளும் இருந்தன. உண்மை வெளியே வந்தது. குற்றவாளிதான் கடைசி வரை பிடிபடவில்லை!

நம்ம ஊர் யானை

இந்தியா முழுமைக்குமான தபால் தலைகள் 1854-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வந்தன. 1865-ல் காகிதத்துக்குள் யானைத் தலை நீர்க்குறி போட்டார்கள். பிறகு நட்சத்திரம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் அசோகர் தூண் சிங்கங்கள் வந்தன. பழைய தலைகள் வீட்டில் கிடந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். யானை தெரிகிறதா, சிங்கம் தெரிகிறதா என்பதை வைத்தே அதன் வயதைச் சொல்லிவிடலாம்.

கூக்கால் சுற்றிய மலைகளின் சொத்தான நீலக்குறிஞ்சியும் தபால் தலை ஏறியிருக்கிறது. 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் அந்தப் பூ 2006-ல் பூத்தது. அதே ஆண்டில் 15 ரூபாய்க் குறிஞ்சித் தலை வெளியானது.

ஹிட்லரைத் திட்டிய ஸ்டாம்பு!

ஒளித்து வைப்பது மோசடிக்காரனுக்கு எதிராக மட்டும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் உள்ள ஜெர்சி தீவை ஜெர்மன் படை பிடித்தது. 1941-ல் அந்தத் தீவுக்குத் தபால் தலை வரைந்தவர் மேஜர் ரைபாட். நான்கு மூலைகளிலும் பொடிப் பொடியாக 'ஏ' என்ற எழுத்தை ஒளித்து வைத்தார்.

லத்தீன் மொழியில் அந்த நான்கு 'ஏ'க்களுக்கும் பொருள்: "கொடிய அடால்பே, நரகத்துக்குப் போ!" ஹிட்லரின் படை பிடித்து வைத்திருந்த தீவிலேயே அந்தத் தலை புழங்கியது!

கண்ணுக்குத் தெரியாத படம்

இப்போது வித்தைகள் பெருகிவிட்டன. 1997-ல் அமெரிக்கா தன் விமானப் படையின் பொன்விழாவுக்கு வெளியிட்ட தலையில், தனி லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் எழுத்துகளை மறைத்து அச்சிட்டார்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இங்கிலாந்தில் 2009-ல் தலைகளில் வளைவான வெட்டுகள் வைத்தார்கள். உறையில் இருந்து உரித்தால் துண்டு துண்டாகக் கிழியும். மறுபடி ஒட்ட முடியாது. 2022-ல் 'பார்கோடு' வந்தது.

அங்கேயும் கூக்கால் பாட்டியின் கதைதான்! கள்ளத் தலை ஒட்டிய கடிதம் வந்தால், வாங்குகிறவரிடம் 5 பவுண்டு தண்டம் கேட்டார்கள். "கடையில் வாங்கிய ஸ்டாம்பு, எங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஜனங்கள் கொதித்தார்கள். 2024-ல் அந்த வசூல் நிறுத்தி வைக்கப்பட்டது.

தெல்கியின் அச்சகம்

தபால் தலைக்கு அண்ணன் முறை, முத்திரைத்தாள். இரண்டுக்கும் தாய்வீடு நாசிக்கில் உள்ள மத்திய சர்க்கார் அச்சகம். ஒரு காலத்தில் ரெயிலில் பழம் விற்ற அப்துல் கரீம் தெல்கி, அந்த அச்சகம் கழித்துக் கட்டிய எந்திரங்களை வாங்கியே கள்ள முத்திரைத்தாள் அடித்தார் என்பது வழக்கு. பேங்குகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும்கூட ஏமாந்தன.

2001-ல் தெல்கி கைதானார். 2006-ல் 30 ஆண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. 2017-ல் கைதியாகவே இறந்தார். எத்தனை ரகசியக் குறி போட்டாலும், வாங்குகிறவர் பார்க்காவிட்டால் பயன் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

என்ன செய்யலாம்?

* ஸ்டாம்பை தபால் ஆபீசில் வாங்குவதே நல்லது. "பாதி விலைக்குத் தருகிறேன்" என்றால் சந்தேகப்படுங்கள்.

* ஓரத்துப் பற்கள் ஒரே சீராக இருக்கின்றனவா, பின்புறம் பசை இருக்கிறதா, மூலையில் மை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

* முத்திரை விழாமல் வந்த பழைய ஸ்டாம்பை உரித்து மறுபடி ஒட்டாதீர்கள். அதுவும் குற்றம்தான்!

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி, ஒரு முறை பயன்படுத்திய சர்க்கார் ஸ்டாம்பைத் தெரிந்தே மோசடியாகப் பயன்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில். முத்திரையை அழித்தால் 3 ஆண்டு வரை. கள்ள ஸ்டாம்பு தயாரித்தால் 10 ஆண்டு வரை, ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கலாம்.

2018-ல் பூத்த குறிஞ்சி, இனி 2030-ல்தான் மலையை நீலமாக்கும். அதுவரை மேல்மலைக்குக் கடிதம் போடுகிறவர்கள் நல்ல ஸ்டாம்பாகப் பார்த்து ஒட்டுங்கள். ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், கூக்கால் பாட்டியின் சுருக்குப் பையில் இருந்து பத்து ரூபாயைப் பிடுங்க வேண்டுமா?