நகரப் பாடல்கள் – 6: இசைத்தட்டின் மறுபக்கத்தில் ஒரு நகரம்

ஒரு நகரத்தின் பாடலை அந்நகரத்தில் வாழ்பவரே எழுதுவார் என்னும் எதிர்பார்ப்பு இயல்பானதே என்றாலும், சான் ஃபிரான்சிஸ்கோவைப் பொறுத்தவரை வரலாறு அதற்கு மாறாகவே சாட்சி சொல்கிறது. 1906ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தைக் களமாகக் கொண்டு 1936இல் வெளிவந்த ‘சான் ஃபிரான்சிஸ்கோ’ திரைப்படத்தின் தலைப்புப் பாடலுக்கு மெட்டமைத்த புரோனிஸ்லாவ் காப்பரும் வால்டர் யூர்மனும் முறையே வார்சாவிலும் வியன்னாவிலும் பிறந்து, ஹாலிவுட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள். 1967இல் ஸ்காட் மெக்கன்சி பாடி, தலையில் பூச்சூடிய ஹிப்பி இளைஞர்களின் அடையாளமாகவே ஆகிவிட்ட பாடலை எழுதிய ஜான் பிலிப்ஸ், அப்போது லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்தவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் தோன்றிய ‘ஐ லெஃப்ட் மை ஹார்ட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’ என்னும் பாடலே இந்நகரை உலகெங்கும் கொண்டு சேர்த்தது என்று சொல்லத் தகும். அது பிறந்ததோ, நாட்டின் எதிர்க்கரையில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேற்குக் கரையிலிருந்து நியூயார்க்குக்கு வந்து, இசைத்துறையில் காலூன்ற முயன்றுகொண்டிருந்த ஜார்ஜ் கோரி, டக்ளஸ் கிராஸ் ஆகிய இரு நண்பர்கள் 1953இல் இதை உருவாக்கினர். மெட்டு கோரியுடையது, சொற்கள் கிராஸுடையவை. பிரிவைப் பாடுவதற்கென்றே பாலை என ஒரு திணையை வகுத்துக்கொண்ட தமிழ் மரபில் பயின்றவர்களுக்கு இப்பாடலின் உணர்வு எளிதில் பிடிபடும், ஏனெனில் இங்கே தலைவியின் இடத்தில் நகரமே நிற்கிறது.

அக்காலத்து அமெரிக்க மெல்லிசைப் பாடல்களுக்கு ‘வெர்ஸ்’ எனப்படும் ஒரு முன்பகுதி இருப்பது வழக்கம். தமிழ்த் திரைப்பாடலில் தாளம் தொடங்குமுன் பாடப்படும் தொகையறாவை ஏறக்குறைய இதற்கு ஈடாகச் சொல்லலாம். பல பாடகர்கள் இப்பகுதியை விட்டுவிட்டு நேரே பல்லவிக்குச் செல்வதுண்டு என்றாலும், இப்பாடலில் அதை விட்டால் பொருளே குறைந்துவிடும். பாரிஸும் ரோமும் முதலில் எடைபோடப்பட்டு, மன்ஹாட்டனின் நெரிசலுக்குள் உணரப்படும் தனிமை அடுத்துச் சொல்லப்பட்டு, அதன் பின்னரே வளைகுடாக் கரையிலுள்ள ஊர் நினைவுக்கு வருகிறது. மன்ஹாட்டனைப் பற்றிய அந்தப் புகார், ஆற்றுக்கு அப்பால் புரூக்ளினில் குடியிருந்த இருவரின் சொந்த அனுபவம் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

பல்லவியில் நகரத்தைக் காட்ட கிராஸ் தேர்ந்தெடுத்தவை மிகச் சிலவே: குன்று, கேபிள் கார், காலைப் பனிமூட்டம், கடல், வெயில். புகழ்பெற்ற கோல்டன் கேட் பாலம்கூட அவற்றில் இல்லை. கேபிள் கார் என்பது தெருவுக்கு அடியில் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும் எஃகுக் கம்பிவடத்தைத் தன் அடியிலுள்ள பிடிகருவியால் கவ்விக்கொண்டு செங்குத்தான மேடுகளில் ஏறும் ஊர்தி. வடத்தை விட்டுப் பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிற்கும், கவ்வினால் நகரும். ஆண்ட்ரூ ஹாலிடி 1873இல் கிளே தெருவில் ஓடவிட்ட இவ்வண்டிகளை, செலவு மிகுதி என்று காரணம் காட்டி நகர மேயர் 1947இல் நிறுத்த முற்பட்டபோது, ஃபிரீடல் கிளஸ்மன் என்னும் பெண்மணியின் தலைமையில் பெண்கள் திரண்டு வாக்கெடுப்பின் மூலம் அவற்றைக் காப்பாற்றினர். அப்படியும் 1950களில் தடங்கள் வெட்டப்பட்டு மூன்று மட்டுமே எஞ்சின. எனவே பாடல் ஏக்கத்தோடு நினைத்த வண்டி, அது எழுதப்பட்ட காலத்திலேயே நகரத்தைவிட்டு மறைந்துவிடக்கூடிய நிலையில் இருந்தது. பனிமூட்டத்துக்கும் ஊரின் நில அமைப்பே காரணம்: கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கின் வெப்பக் காற்று மேலெழ, குளிர்ந்த பசிபிக் கடலின்மேல் திரண்ட மூட்டம் கோல்டன் கேட் நீரிணை வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளூர்க்காரர் சலித்துக்கொள்ளும் இந்தக் குளிரைப் பாடல் ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை. தொலைவிலிருந்து நினைப்பவர்களுக்கே அது இயலும்.

எழுதியபின் ஏறத்தாழ எட்டாண்டுகள் பாடல் முடங்கிக் கிடந்தது. கலிஃபோர்னியாவில் பிறந்த ஆப்பெரா பாடகி கிளாராமே டர்னர் தம் கச்சேரிகளில் அதைப் பாடி வந்தார் என்றாலும் இசைத்தட்டாகப் பதிவு செய்யவில்லை. பாடகர் டோனி பென்னட்டின் பியானோ கலைஞரும் இசை நெறியாளருமான ரால்ஃப் ஷேரனிடம் ஆசிரியர்கள் கொடுத்த இசைத்தாள், அவருடைய சட்டை இழுப்பறையில் மறக்கப்பட்டு, 1961இல் பயணத்துக்காகப் பெட்டி கட்டும்போதுதான் கண்ணில் பட்டது. அப்பயணத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவும் இருந்ததால் அதையும் எடுத்துக்கொண்டார். வழியில் ஆர்கன்சா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரின் விடுதி ஒன்றில் அவரும் பென்னட்டும் அதை ஒத்திகை பார்க்கையில், மதுக்கூடப் பணியாளர், இதை இசைத்தட்டாக வெளியிட்டால் வாங்குவேன் என்றாராம். அவ்வாண்டு டிசம்பரில் நாப் ஹில் குன்றின் மேலுள்ள ஃபேர்மான்ட் ஓட்டலின் வெனிஷியன் ரூம் அரங்கில் பாடல் முதன்முதலாக அந்நகர மக்கள் முன் ஒலித்தது. கலிஃபோர்னியா தெருவின் கேபிள் கார் அந்த ஓட்டலை ஒட்டியே மேடேறுகிறது.

பென்னட்டுக்கு அப்போது வெற்றி தேவைப்பட்டது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்து, 1951இலும் 1953இலும் விற்பனைப் பட்டியல்களில் முதலிடம் பெற்ற அவரை ராக் இசையின் வருகை பின்னுக்குத் தள்ளியிருந்தது. 1962 ஜனவரி 23 அன்று, தேவாலயமாக இருந்து ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றப்பட்ட கொலம்பியா நிறுவனத்தின் முப்பதாம் தெரு அரங்கில் பதிவு நடந்தது. வாத்தியங்களுக்கான இசைக்கோர்ப்பு மார்ட்டி மேனிங்குடையது. ஆக எழுதியது புரூக்ளினில், பதிந்தது மன்ஹாட்டனில், பாடியவர் குவீன்ஸ்காரர், கண்டெடுத்த ஷேரனோ லண்டனில் பிறந்தவர்.

சிறு இசைத்தட்டின் இரு பக்கங்களுள் விற்பனைக்கென விளம்பரப்படுத்தப்படுவது ‘ஏ’ பக்கம். இடத்தை நிரப்பும் பாடலுக்கு உரியது ‘பி’ பக்கம். பிராட்வே இசைநாடகம் ஒன்றிலிருந்து எடுத்த ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ என்னும் பாடலை நிறுவனம் ஏ பக்கமாக முன்னிறுத்த, நகரப் பாடல் மறுபக்கத்துக்குப் போயிற்று. வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போடவே கணிப்பு பொய்த்தது. பில்போர்டு பட்டியலில் அது எட்டிய உச்சம் 19ஆம் இடமே என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கும். ஒரு வாரத்து நிலையைக் காட்டும் பட்டியலைக் கொண்டு பாடலின் ஆயுளை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

1963இல் வழங்கப்பட்ட கிராமி விருதுகளில் ‘ஆண்டின் சிறந்த இசைத்தட்டு’, சிறந்த ஆண் பாடகர் ஆகிய விருதுகள் பென்னட்டுக்கும், இசைக்கோர்ப்புக்கான விருது மேனிங்குக்கும் கிடைத்தன. இசைத்தட்டுக்கான விருது குறிப்பிட்ட ஒலிப்பதிவைச் சாரும். பாடலை இயற்றியோருக்குரிய ‘ஆண்டின் சிறந்த பாடல்’ விருது அவ்வாண்டு வேறொரு பாடலுக்குச் சென்றது. விருதுக்குழுவின் இந்தத் தீர்ப்பை நியாயமென்று கொள்வது கடினம். ஆனால் எழுத்துரிமைத் தொகை தொடர்ந்து வந்துகொண்டிருந்தது; கோரியும் கிராஸும் வட கலிஃபோர்னியாவுக்கே திரும்பினர். கிராஸ் 1975இலும் கோரி 1978இலும் மறைந்தனர்.

நகர நிர்வாகம் இப்பாடலையும் 1936ஆம் ஆண்டுத் திரைப்பாடலையும் அதிகாரபூர்வமான பாடல்களாக ஏற்றுக்கொண்டுள்ளது. 2016இல், பென்னட்டுக்குத் தொண்ணூறு வயது நிறைந்தபோது, ஃபேர்மான்ட் ஓட்டலின் முன் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. 2023 ஜூலை 21 அன்று அவர் காலமானார். பிறந்ததும் இறந்ததும் நியூயார்க்கிலேயே. இன்றும் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் வெல்லும் நாள்களில், ஆட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் வருவது அவருடைய குரல்தான்.

(தொடரும்)