வீட்டு ஒலிப்பதிவுக்கூடம்: குறைந்த செலவில் கருவித் தேர்வு

வீட்டு ஒலிப்பதிவுக்கூடம் என்பது பாட்டு, இசைக்கருவி, கதைப்பாடல், பேச்சு முதலியவற்றைப் பதிவு செய்து தொகுப்பதற்காகக் குடியிருப்பு வீட்டின் ஓர் அறையில் அமைக்கப்படும் சிறு கூடம் ஆகும். ஒலிவாங்கி, ஒலி இடைமுகம், கணினி, தொகுப்பு மென்பொருள், ஹெட்போன் ஆகிய ஐந்தும் இதன் அடிப்படைக் கருவிகள். ஆறாவதாக எண்ண வேண்டியது அறை. குறைந்த செலவில் கூடம் அமைப்போர் பெரும்பாலும் தவறுவது கருவிகளில் அன்று, அறையில்தான். சேலம், நாமக்கல் சமவெளியில் விசைத்தறி, லாரிக் கூண்டு கட்டும் பட்டறை, நெடுஞ்சாலை, கோடை வெப்பம் ஆகியவை சேர்ந்து இந்தச் சிக்கலைப் பெரிதாக்குகின்றன. அதே வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் சில பொருள்கள் அதற்குத் தீர்வாகவும் அமைகின்றன.

பின்னணி

இவ்வட்டாரத்துக்கு ஒலிப்பதிவு புதியதன்று. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935 இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவை அந்நிறுவனத்தின் தயாரிப்புகள். ஏற்காடு செல்லும் சாலையில் அதன் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. அக்காலத்தில் ஒரு பாடலைப் பதிவு செய்யத் தனிக் கட்டடம், பெரும் எந்திரங்கள், பயிற்சி பெற்ற பொறியாளர்கள் அனைத்தும் தேவைப்பட்டன.

நாட்டார் பாடல்களைப் பொறுத்தவரை, மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் கொங்கு நாட்டுச் சிற்றூரில் தங்கி, உடுக்கைப் பாடகர்கள் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அது பின்னர் இரு மொழிகளில் நூலாக வெளிவந்தது. பாடியவர்களின் காலத்துக்குப் பின்னும் அக்கதை கேட்கக் கிடைப்பதற்கு அந்த நாடாவே காரணம். இன்று அத்தகைய பதிவை ஒரு நடுத்தரக் குடும்பம் தன் வீட்டிலேயே செய்ய முடியும். தெருக்கூத்து, பம்பை, உடுக்கைப் பாட்டு ஆகியவற்றில் தேர்ந்த முதியோர் குறைந்துவரும் நிலையில், வீட்டுக் கூடங்களின் தேவை பொழுதுபோக்கைத் தாண்டியது.

வெளியொலியும் உள்ளொலியும்

ஒலி தொடர்பான இரு வேறு சிக்கல்களைப் பிரித்து அறிவது முதற்படி. வெளியிலிருந்து வரும் ஓசையைத் தடுப்பது ஒன்று. அறைக்குள் எழும் ஒலி சுவர்களில் பட்டு மீள்வதைக் குறைப்பது மற்றொன்று. முன்னதற்கு எடையும் இடைவெளியின்மையும் வேண்டும். பின்னதற்கு நுண்துளைகளும் தடிமனும் உள்ள பொருள் வேண்டும். ஒன்றுக்கு உரிய மருந்து மற்றதற்கு உதவாது.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெளியோசையை நன்றாகவே தடுக்கும். ஓசை நுழைவது கதவின் அடி இடைவெளி, சன்னல் சட்டம், மேற்சுவரின் காற்றுத்துளை ஆகியவற்றின் வழியாகத்தான். கதவுச் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுவதும், அடியில் துணிச்சுருள் வைப்பதும் சில நூறு ரூபாயில் முடியும் வேலை. சிமெண்டு அட்டை அல்லது தகரக் கூரை உள்ள அறை இதற்குப் பொருந்தாது. மழைத்துளி விழும் ஓசையை எந்தக் கருவியாலும் நீக்க இயலாது.

குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, சேலம் பகுதிகளில் தறிக்கூடமும் வீடும் ஒட்டியே இருப்பது வழக்கம். தறிக்கூடத்தினுள் ஓசை 90 டெசிபலைத் தாண்டும். தறியின் அதிர்வு காற்றில் மட்டுமன்றித் தரை வழியாகவும் பரவுவதால், சன்னலை அடைத்தாலும் தாழ்ந்த உறுமல் பதிவில் தங்கிவிடும். ஒலிவாங்கித் தாங்கியின் காலடியில் தடித்த நுரைமெத்தையோ மடித்த கம்பளமோ இடுவதால் தரையதிர்வு குறையும். தறி நிற்கும் விடுமுறை நாள், மின்தடைக்கான பராமரிப்பு நாள், விடியற்காலை ஆகிய வேளைகளைத் தேர்ந்தெடுப்பது செலவில்லாத ஒலித்தடுப்பு ஆகும். மின்தடை நாளில் மடிக்கணினி தன் மின்கலத்திலேயே இயங்கும் என்பது கூடுதல் வசதி.

முட்டை அட்டை பற்றிய தவறான நம்பிக்கை

நாமக்கல் கோழிப்பண்ணைகளின் ஊர். முப்பது முட்டை கொள்ளும் காகிதக்கூழ் அட்டை இங்கு மிக மலிவாகக் கிடைக்கிறது. அதைச் சுவர் முழுதும் ஒட்டினால் அறை ஒலிப்பதிவுக்கூடம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. இவ்வட்டாரத்தில் அட்டை கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் சோதனைக்கு ஆளாவோரும் அதிகம்.

முட்டை அட்டை வெளியோசையைத் தடுக்காது. ஓசையைத் தடுப்பது எடை. அட்டைக்கு எடை இல்லை. உள்ளொலியை உறிஞ்சுவதிலும் அதன் பங்கு சிறிது. ஓர் அலையை உறிஞ்சத் தேவைப்படும் தடிமன் அந்த அலையின் நீளத்தைப் பொறுத்தது. 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள காகிதக்கூழ் அதன் முன் நிற்பதில்லை. மேல்நிலை ஒலிகளில் ஒரு பகுதி மட்டும் சீரற்று மங்குகிறது. பம்பை, தவில் ஆகியவற்றின் தாழ்ந்த முழக்கம் அப்படியே சுற்றிவருகிறது. விளைவாகக் குரல் தெளிவிழந்து, அடியில் குமுறல் மிஞ்சும்.

மூன்றாவது குறை உயிர்க்கேடு தொடர்பானது. காகித அட்டையும், நெருப்புத்தடுப்பு மருந்து சேர்க்காத மலிவான நுரைத்தகடும் எளிதில் தீப்பற்றும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 2003 ஆம் ஆண்டு ஓர் இசைவிடுதியின் சுவரில் ஒட்டப்பட்டிருந்த நுரையில் மத்தாப்புப் பொறி பட்டு எழுந்த தீயில் 100 பேர் இறந்தனர். மின்வடங்கள் நிறைந்த சிறிய அறையில் இத்தகைய பொருள்களைச் சுவர் முழுதும் ஒட்டுவது தவிர்க்க வேண்டிய செயல்.

பயனுள்ள மாற்றுகள்

- கனத்த பருத்தி விரிப்பு, ஜமக்காளம், போர்வை ஆகியவற்றை இரண்டு மூன்று மடிப்பாகச் சுவரிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளித் தொங்கவிடுதல். சுவருடன் ஒட்டித் தொங்குவதைவிட இடைவெளி விட்டுத் தொங்குவது அதிகம் உறிஞ்சும். காவிரியின் மறுகரையிலுள்ள பவானி ஜமக்காளத்துக்குப் பெயர்பெற்ற ஊர்.
- இலவம்பஞ்சு மெத்தையை அறை மூலையில் நிமிர்த்தி வைத்தல். தாழ்ந்த ஒலிகள் மூலைகளில்தான் குவிகின்றன.
- 50 முதல் 100 மி.மீ. தடிமனுள்ள பாறைக்கம்பளித் தகட்டை மரச்சட்டத்தில் அடக்கித் துணி போர்த்திய பலகைகள். பாறைக்கம்பளி தீப்பற்றாதது. வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் தேவை.

எல்லாச் சுவர்களையும் மூட வேண்டியதில்லை. பாடுபவரின் பின்புறமும் இருபக்கமும் மூடினாலே வேறுபாடு தெரியும். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்கலாம். தட்டலுக்குப் பின் சிலம்பல் கேட்டால் எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றுக்கு விரிப்பு தேவை.

நீளமும் அகலமும் உயரமும் பத்து அடியாக உள்ள சதுர அறை ஒலிப்பதிவுக்கு மிகக் கடினமானது. பத்து அடி இடைவெளியில் ஏறத்தாழ 57, 114, 171 ஹெர்ட்ஸ் ஒலிகள் தேங்கிப் பெருகும். மூன்று திசைகளிலும் அளவு ஒன்றே எனில் மூன்று தேக்கமும் ஒரே இடத்தில் கூடும். வீட்டில் வேறு அறை இருந்தால் நீள்சதுர அறையைத் தேர்வதே நல்லது.

கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒலிவாங்கி

மைக் எனப் பேச்சுவழக்கில் அழைக்கப்படும் ஒலிவாங்கியில் டைனமிக், கண்டன்சர் என இரு முதன்மை வகைகள் உண்டு. கண்டன்சர் மெல்லிய ஒலியையும் நுட்பமாகப் பிடிக்கும். இயங்குவதற்கு ஒலி இடைமுகத்திலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். டைனமிக் உறுதியானது, உரத்த ஒலியைத் தாங்குவது, வெளி மின்னழுத்தம் வேண்டாதது. வாய்க்கு அருகில் வைத்துப் பயன்படுத்தப்படுவதால் அறையொலியும் தெருவொலியும் அதில் குறைவாகவே சேரும்.

அமைதியான தோட்டத்து வீட்டுக்குக் கண்டன்சர் ஏற்றது. தறியோசையோ வாகன ஓசையோ கேட்கும் தெருவில் டைனமிக்தான் பாதுகாப்பான முதல் தேர்வு. ஷூர் நிறுவனம் 1965 இலும் 1966 இலும் அறிமுகப்படுத்திய எஸ்.எம். 57, எஸ்.எம். 58 ஆகிய டைனமிக் ஒலிவாங்கிகள் இன்றும் உற்பத்தியில் இருப்பது இவ்வகையின் நீடித்த பயனுக்குச் சான்று. புகழ்பெற்றவை என்பதால் போலிகளும் உலவுகின்றன. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பட்டியலுடன் வாங்குவது நன்று.

ஒலிவாங்கி, தாங்கி, வடிகட்டி, ஒலி அட்டை அனைத்தும் அடங்கிய மிக மலிவான தொகுப்புகள் இணைய அங்காடிகளில் விற்கப்படுகின்றன. அவற்றுள் பல 48 வோல்ட் வழங்குவதில்லை, கணினியின் 3.5 மி.மீ. துளையில் செருகும்படி அமைந்துள்ளன. மெல்லிய குரலோடு சீறலும் பதிவாகி, சில மாதங்களில் இரண்டாம் முறை வாங்க நேர்கிறது. இறுதியில் அதுவே கூடுதல் செலவு.

ஒலி இடைமுகம்

ஒலிவாங்கியின் மின்னலையை எண்ணிலக்கமாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி இது. ஒருவர் பாட மட்டும் ஒரு நுழைவழி போதும். குரலும் கருவியும் ஒருங்கே பதிய இரண்டு வேண்டும். 48 வோல்ட் வசதி, 24 பிட் பதிவு, நேரடிக் கேட்பு வசதி ஆகிய மூன்றையும் வாங்குமுன் பார்க்க வேண்டும். 16 பிட் பதிவில் 96 டெசிபல் வரையிலும், 24 பிட் பதிவில் கோட்பாட்டளவில் 144 டெசிபல் வரையிலும் ஒலி வேறுபாட்டைக் குறிக்க முடியும். எனவே 24 பிட்டில் உச்ச அளவு கழித்தல் 12 டெசிபல் அருகே இருக்குமாறு தாழ்த்திப் பதிந்தாலும் நுட்பம் கெடாது; திடீரென உயரும் குரல் சிதையாமலும் காக்கலாம். 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வீதங்களுக்காகக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை.

ஹெட்போனும் ஒலிபெருக்கியும்

பதிவின்போது காதை முழுதும் மூடும் ஹெட்போன் வேண்டும். இல்லையேல் அதன் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகும். புளூடூத் வகை தாமதமாக ஒலிப்பதால் பாடுபவரின் தாளம் தடுமாறும். தனி ஒலிபெருக்கிகளை அறை சீரான பிறகு வாங்கினால் போதும். சீரற்ற அறையில் விலையுயர்ந்த ஒலிபெருக்கியும் பொய்யே சொல்லும்.

கணினியும் மென்பொருளும்

எட்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி தொடக்கத்துக்குப் போதுமானது. 2000 இல் வெளிவந்த ஆடாசிட்டி, பன்னடுக்குத் தொகுப்புக்கு ஏற்ற ஆர்டர் ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். உரிமமில்லாத நகல் மென்பொருளைக் காட்டிலும் இவை நச்சுநிரல் அச்சமற்றவை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒரு மணி நேர இருதடப் பதிவுக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி இடம் வேண்டும்.

மின்சாரம்

பதிவில் தொடர்ந்து கேட்கும் ரீங்காரம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் கசிவு. கணினியையும் இடைமுகத்தையும் ஒரே பலகையில் இணைப்பதும், மூன்று முனைச் சமநிலை வடங்களைப் பயன்படுத்துவதும் அதைக் குறைக்கும். மடிக்கணினியை மின்கலத்தில் இயக்கும்போது ரீங்காரம் நின்றால் கோளாறு மின்னிணைப்பில் உள்ளது என அறியலாம். ரீங்காரத்தை ஒழிக்க எர்த் முனையைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்தானது. வீட்டின் எர்த் இணைப்பை மின்பணியாளரைக் கொண்டு சரிசெய்வதே முறை.

வட்டார இசைக்கருவிகள்

நாதசுவரத்தின் ஒலி அணைசிலிருந்து மட்டுமன்றி விரல் துளைகளிலிருந்தும் வெளிப்படுகிறது. எனவே ஒலிவாங்கியை அணைசின் வாயில் வைக்காமல், குழலின் நடுப்பகுதியை நோக்கி ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி வைப்பது பொருந்தும். தவிலின் இரு முகங்களும் வெவ்வேறு ஒலி தருபவை. இரண்டு ஒலிவாங்கி இல்லையெனில் ஒன்றை முன்புறம் ஒரு மீட்டர் தொலைவில் நிறுத்தி, இரு முகமும் சமமாகக் கேட்கும் இடத்தைத் தேட வேண்டும். பறை, பம்பை ஆகியவற்றைச் சிறிய அறையைவிட மரநிழலிலோ களத்துமேட்டிலோ காற்றில்லாத வேளையில் பதிவது மேல். உடுக்கையோடு பாடுபவருக்கு ஒரே ஒலிவாங்கி இருந்தால் அதைக் குரலுக்கு அருகில் வைக்க வேண்டும். உடுக்கை தானே கேட்கும், சொல்தான் தவறிப்போகும்.

செலவைப் பகிர்தல்

கணினி நீங்கலாகக் கையிலுள்ள தொகையைக் கீழ்வருமாறு பகிர்வது ஒரு வழிகாட்டு முறை.

- ஒலி இடைமுகம்: 30 விழுக்காடு
- ஒலிவாங்கி: 25 விழுக்காடு
- அறைச் சீரமைப்பு: 15 விழுக்காடு
- ஹெட்போன்: 15 விழுக்காடு
- தாங்கி, வடம், காற்றுவடிகட்டி: 10 விழுக்காடு
- காப்பு வன்தட்டு: 5 விழுக்காடு முதல்

அதாவது 25,000 ரூபாய் இருந்தால் அறைக்கு 3,750 ரூபாய் ஒதுக்கப்படும். இத்தொகையும் இல்லாத நிலையில், திறன்பேசியை அமைதியான அறையில் விரிப்புகளுக்கு நடுவே தாங்கியில் பொருத்திப் பதிவு செய்யலாம். நல்ல அறையில் செய்த எளிய பதிவு, மோசமான அறையில் செய்த விலையுயர்ந்த பதிவைவிடத் தெளிவாக இருக்கும்.

பாதுகாப்பும் உரிமையும்

ஒவ்வொரு பதிவுக்கும் குறைந்தது இரண்டு படிகள், இரு வேறு இடங்களில் இருக்க வேண்டும். சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமித்து, பாடியவர், ஊர், நாள், கருவி ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே வாய்மொழியாகச் சொல்லிவைப்பது பயன்தரும்; கோப்பின் பெயர் மாறினாலும் அத்தகவல் அழியாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, நிகழ்த்துநருக்குத் தன் நிகழ்ச்சியின்மீது தனி உரிமையை வழங்குகிறது. கருவி பதிவு செய்தவருடையதாயினும் குரல் பாடியவருடையது. பதிவு எங்கே, எதற்காக வெளியிடப்படும் என்பதை அவருக்கு விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். முடிந்த பதிவை முதலில் கேட்க வேண்டியவரும் அவரே.