எழுத்தை வாழ்வித்த குரல்

ரெயில் நிலைய ஒலிபெருக்கியில் ஊர்ப்பெயர் பிறழ்ந்து ஒலித்தால் பயணி திகைத்து நிற்பான் என்பதை ரெயில்வே ஊழியராகிய நாம் நன்கறிவோம். அத்தகைய பிறழ்ச்சி தம் நாவில் நேராவண்ணம் காத்தவர் பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள்.

பலமொழி வழங்கும் கொழும்பு நகரில் வளர்ந்த அவர், இலங்கை வானொலியில் அறிவிப்பாளராகப் புகழ் எய்தினார். அங்கு அவர் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’, பின்னர் சன் தொலைக்காட்சி வாயிலாகத் தமிழ்நாட்டு இல்லங்களையும் எட்டியது. ‘தெனாலி’ (2000) திரைப்படத்திலும் அவர் தோன்றினார். தம் ஒலிபரப்பு அனுபவங்களை ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்னும் நூலாக்கினார்.

அப்போட்டியின் விதி எளிது: கொடுத்த எழுத்தில் தொடங்கும் திரைப்பாடலைப் பாடுதல் வேண்டும். குறிலையும் நெடிலையும் பிரித்தறியாதவர் எங்ஙனம் வெல்வர்? கேளிக்கைக்குள்ளே எழுத்துப் பயிற்சி இருந்தது.

பொம்மனஹள்ளிவாழ் தமிழ்க் குடும்பங்கள் சிந்தித்தல் நன்று. நம் குழந்தைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் செவ்வனே பயிலட்டும். தமிழ் பேசும் அவர்களுள் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியவில்லை. லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் அவர்கள் நாவில் ஒன்றாகிவிட்டன. ஞாயிறு மாலையில் அரைமணி நேரம் வீட்டிலேயே இவ்விளையாட்டை ஆடுவோமாக. பாட்டி பாடட்டும், பேரன் எழுத்தைச் சொல்லட்டும். செலவில்லை, பயனோ பெரிது.