“ஏலே, பிடிலே அவனை!” ஐந்தருவியில் பிடிபடும் சிறுவன் எங்கே போக வேண்டும்?

ஐந்தருவி சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். மேலே திரிகூட மலைச் சாரல். கீழே மனிதத் தலைகள். ஐந்து கிளையாகப் பிரிந்து கொட்டும் தண்ணீருக்குத் தலையைக் கொடுத்துவிட்டால் வீட்டுக் கவலை, கடன் கவலை எல்லாம் பறந்துபோகும். யாரும் சீக்கிரம் வெளியே வரமாட்டார்கள்.

கரையில் கழற்றிவைத்த துணிக்குத்தான் காவல் இல்லை!

குளித்துவிட்டு வந்தவர் சட்டைப் பையைத் தடவுகிறார். பர்சைக் காணோம்.

“ஐயோ, என் பர்ஸ்!”

அவ்வளவுதான். பழக்கடைப் பக்கம் ஒரு பையன் வேகமாக நடக்கிறான். 14, 15 வயது இருக்கும்.

“ஏலே, பிடிலே அவனை!”

பிடித்துவிட்டார்கள். “நான் எடுக்கல அண்ணாச்சி...” என்று அவன் வாயைத் திறப்பதற்குள் கன்னத்தில் ஒன்று விழுகிறது. அடுத்தவர் ஒன்று கொடுக்கிறார். விஷயம் என்னவென்றே தெரியாத மூன்றாமவரும் தன் பங்குக்கு ஒன்று வைக்கிறார்.

இது குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்த சம்பவம் அல்ல. கூட்டம் கூடும் எந்த ஊரிலும் எந்த நாளும் நடக்கக்கூடியது. எடுத்தவனும் பிடிபடலாம், எடுக்காதவனும் பிடிபடலாம். பிடிபட்ட பையன் அடுத்தபடியாக எங்கே போக வேண்டும்? அன்று ராத்திரி அவன் எங்கே படுக்க வேண்டும்?

இதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. அது நம்மில் பலருக்குத் தெரியாது என்பதுதான் வேதனை!

கூட்டம் கோர்ட்டு அல்ல

18 வயது நிரம்பாத எவரும் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான். மீசை அரும்பியிருந்தாலும் அப்படித்தான். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் முதல் கொள்கையே, “இந்தக் குழந்தைக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்றே முதலில் கருத வேண்டும்” என்பதுதான்.

ஆகவே, பிடித்தவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பையனைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும். அடித்தால் அடித்தவர் மீது வழக்கு வரும். பர்ஸ் போன புகார்தாரர், அடித்த குற்றவாளியாக மாறிவிடுவார்!

லாக்கப் கூடாது, விலங்கு கூடாது

சரி, போலீஸ் வந்துவிட்டது. இனி என்ன?

ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் குழந்தைகள் நல போலீஸ் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். பையனை அவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அவர் சீருடையில் இருக்கக்கூடாது. சாதாரண உடையில்தான் பேச வேண்டும். சிறுமியாக இருந்தால் பெண் போலீசார் இருக்க வேண்டும்.

கையில் விலங்கு மாட்டக்கூடாது. லாக்கப்பில் அடைக்கக்கூடாது. ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது. வாக்குமூலம் என்று எழுதி அதில் கையெழுத்து வாங்கக்கூடாது. பெற்றோருக்கு உடனே சொல்லி அனுப்ப வேண்டும். அடிபட்டிருந்தால் வைத்தியம் பார்க்க வேண்டும். பசித்தால் சாப்பாடு வாங்கித்தர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இது கேட்பவர்களை ஆச்சரியப்பட வைக்கும்.

சாதாரணத் திருட்டுக்கு, முதல் தடவை என்றால், பெரியவர்களுக்கே அதிகபட்ச தண்டனை 3 ஆண்டுதான். சிறுவர் சட்டத்தில் இது “சிறு குற்றம்” என்ற வகையைச் சேர்ந்தது. இதற்கு எப்.ஐ.ஆர். போடத் தேவையில்லை. நிலையத்தின் பொது டைரியில் எழுதி, பையனின் குடும்ப நிலை பற்றிய அறிக்கையுடன் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும் என்று 2016-ம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன.

பையனைப் பிடித்துவைக்க வேண்டிய அவசியமும் சாதாரணமாகக் கிடையாது. அவனுடைய நன்மைக்குத் தேவை என்றால்தான் பிடித்துவைக்கலாம். இல்லாவிட்டால், விசாரணைக்கு என்றைக்கு வர வேண்டும் என்பதைத் தாய்-தகப்பனிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அதாவது, பர்ஸ் திருட்டில் பிடிபட்ட பையன் அன்று ராத்திரி படுக்க வேண்டிய இடம், பெரும்பாலும் அவனுடைய சொந்த வீட்டுப் பாய்தான்!

24 மணி நேரம்

பிடித்துவைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கெடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் இதில் சேராது. “இன்று குழுமம் கூடவில்லை” என்று தட்டிக்கழிக்க முடியாது. குழுமம் கூடாத நாளில் அதன் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம்.

பழைய நாளில் “சிறுவர் கோர்ட்டு” என்று சொன்னோமே, அதுதான் இன்று இளைஞர் நீதிக் குழுமம். மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டு ஒருவர், சமூக சேவகர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

இந்தக் கோர்ட்டில் கூண்டு கிடையாது. உயரமான மேடையும் கிடையாது. குழுமத்தாரும் பையனும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்து பேசும்படி இடம் அமைய வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

ஜாமீன் என்பதே இங்கே வழக்கம், மறுப்பதுதான் விதிவிலக்கு. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதி கெட்டுப்போகும் என்றால் மட்டுமே மறுக்கலாம். அதற்கும் காரணத்தை எழுத வேண்டும். ஜாமீன் நிபந்தனையை 7 நாளில் நிறைவேற்ற முடியாத ஏழை என்றால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காக அவனை மீண்டும் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும்.

விசாரணையை 4 மாதத்தில் முடிக்க வேண்டும். மேலும் 2 மாதம் நீட்டிக்கலாம். சிறு குற்ற வழக்கு அதற்குள்ளும் முடியவில்லை என்றால் வழக்கே முடிந்துபோகும்.

குற்றம் உறுதியானாலும் என்ன செய்வார்கள்? கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம். ஊருக்குப் பயன்படும் வேலை செய்யச் சொல்லலாம். நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் விடலாம். கடைசி வழியாகத்தான் சிறப்பு இல்லம். அதுவும் 3 ஆண்டுக்கு மேல் கிடையாது.

செங்கல்பட்டில் போன உயிர்

ஏட்டில் இவ்வளவு இருக்கிறது. நாட்டில்?

2022-ம் ஆண்டு டிசம்பர் கடைசி வாரம். பேட்டரி திருடியதாக 17 வயது சிறுவன் ஒருவனை ரெயில்வே போலீசார் பிடித்தார்கள். செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்கு அவன் அனுப்பப்பட்டான். டிசம்பர் 31-ந்தேதி அவன் பிணமாகத்தான் வெளியே வந்தான்!

உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் உடம்பில் காயங்கள் தெரிந்தன. அடித்ததில்தான் உயிர் போனது என்ற குற்றச்சாட்டில் இல்லத்தின் ஊழியர்கள் 6 பேர் 2023 ஜனவரியில் கைது செய்யப்பட்டனர்.

நினைத்துப் பாருங்கள். ஒரு பேட்டரி! பிடிபட்டுச் சில நாள்கூட ஆகவில்லை. எடுத்தானா, இல்லையா என்று எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. எடுத்ததாகவே வைத்துக்கொண்டாலும் கண்டித்து அனுப்பக்கூடிய குற்றம்தான். உயிரே போய்விட்டது.

இந்தச் சாவுக்குப் பிறகுதான், கூர்நோக்கு இல்லங்களைச் சீர்படுத்த வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற ஐகோர்ட்டு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை 2023-ல் தமிழக அரசு அமைத்தது. அவர் இல்லங்களை ஆராய்ந்து அறிக்கையும் கொடுத்துவிட்டார்.

இல்லத்தில் உள்ள குழந்தையை ஊழியரே அடித்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் அந்த இல்லத்தின் சுவருக்குள்ளும் செல்லுபடியாக வேண்டுமே!

முதல் சட்டம் நம்முடையதுதான்

இதில் வெட்கப்பட இன்னொரு காரணமும் உண்டு. சிறுவர்களைப் பெரிய கைதிகளோடு சேர்க்காதே, தனியாக விசாரி என்று இந்தியாவிலேயே முதலில் சட்டம் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம்தான். ஆண்டு 1920. வங்காளம் 1922-லும், பம்பாய் 1924-லும்தான் நம் பின்னால் வந்தன.

அப்படி இருந்தும் நாடு முழுவதும் சிறுவர்கள் ஜெயில்களில் கிடந்தார்கள். பத்திரிகையாளர் ஷீலா பார்சே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். “குழந்தைகளை ஜெயிலில் வைக்கக்கூடாது” என்று 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு ஓங்கி அடித்தது. அதே ஆண்டில் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது. அதில் ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு 16. 2000-ம் ஆண்டுச் சட்டம்தான் அதை இருபாலாருக்கும் 18 ஆக்கியது.

அமெரிக்காவிலும் இந்தக் கதைதான். உலகின் முதல் சிறுவர் கோர்ட்டு 1899-ல் சிகாகோ நகரில் வந்தது. ஆனால் 1964-ல் அரிசோனா மாநிலத்தில் ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுப் பையனை, போனில் ஆபாசமாகப் பேசியதாகப் போலீஸ் பிடித்துப்போனது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. வக்கீல் இல்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று உத்தரவு! அதே குற்றத்துக்குப் பெரியவர்களுக்கு அதிகபட்ச தண்டனை 50 டாலர் அபராதம் அல்லது 2 மாத ஜெயில்தான். 1967-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. சிறுவனுக்கும் வக்கீல் உண்டு, பெற்றோருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு அளித்தது.

“சின்னப் பையன்னு விட்டுடுவதா?”

“பர்ஸ் சரி. அரிவாள் தூக்குகிறானே, அவனையும் சின்னப் பையன்னு விட்டுடுவீங்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

2023 ஆகஸ்டில் பக்கத்து நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ்-2 மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். பிடிபட்டவர்கள் உடன் படித்த சிறுவர்கள். வெட்டுப்பட்ட பிள்ளைகளும் குழந்தைகள்தானே? அவர்களுக்கும் நீதி வேண்டும்.

2012-ல் டெல்லியில் ஓடும் பஸ்சில் மாணவி சீரழிக்கப்பட்ட வழக்கிலும், 6 பேரில் ஒருவன் 18 நிரம்பாதவன். அன்றைய சட்டப்படி அவன் 3 ஆண்டில் வெளியே வந்துவிட்டான். நாடே கொதித்தது. அதனால்தான் 2016 ஜனவரி 15 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவன் கொடிய குற்றம் செய்தால், அவனுடைய மனப் பக்குவத்தைக் குழுமம் முதலில் ஆராயும். தேவை என்று கண்டால் பெரியவர்களைப் போல விசாரிக்கும்படி குழந்தைகள் கோர்ட்டுக்கு அனுப்பும். அப்போதும் தூக்குத் தண்டனை கிடையாது.

ஆக, கொடிய குற்றத்துக்குத் தனி வழி இருக்கிறது. அந்தக் கோபத்தையெல்லாம் பர்ஸ் எடுத்தவன் கன்னத்தில் காட்டுவது நியாயமா?

பெற்றவர்கள் கவனத்துக்கு

“உன் மவனைப் பிடிச்சு வச்சிருக்கு” என்று சேதி வந்தால் அழுதுகொண்டே நிற்க வேண்டாம். “ஏட்டையா, ஐயா” என்று மரியாதையாகவே கேளுங்கள். ஆனால் கேளுங்கள்:-

1. எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள்? அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

2. வயதுச் சான்று கையில் இருக்கட்டும். பிறந்த தேதி உள்ள பள்ளிச் சான்றிதழ் முதலில் செல்லும். அது இல்லாவிட்டால் நகராட்சி, பஞ்சாயத்து கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் டாக்டர் பரிசோதனை. வயதைப் பற்றிய வாதத்தை எந்தக் கோர்ட்டிலும், எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம்.

3. உடம்பில் காயம் இருந்தால் குழுமத்தின் முன் நிறுத்தும்போதே சொல்லச் சொல்லுங்கள். “வெளியே சொன்னா மேலும் அடிப்பாங்க” என்று பையன் மறைப்பான். நீங்கள் மறைக்காதீர்கள்.

4. குழந்தைகள் உதவி எண் 1098. சட்ட உதவி எண் 15100. இரண்டுக்கும் காசு கிடையாது.

படமும் பெயரும் பேப்பரில் வந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். பெயர், ஊர், பள்ளிக்கூடம் எதையும் வெளியிடக்கூடாது. மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது எங்களைப் போன்ற பேப்பர்காரர்களுக்கும் சேர்த்துத்தான். அருவிக்கரையில் பையனை நிறுத்தி செல்போனில் வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்!

சிறுவனாக இருந்தபோது வந்த வழக்கு பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தடையாக இருக்கக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. கொடிய குற்றத்துக்காகப் பெரியவர் போல விசாரித்துத் தண்டிக்கப்பட்டவனுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

கடைசியாக ஒன்று

ஐந்தருவிக்கு வருபவர்கள் துணியை நம்பிப் பர்சை விட்டுப்போக வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் கரையில் இருக்கட்டும்.

அப்படியும் பர்ஸ் காணாமல் போனால், கூச்சல் போடுவதற்கு முன்னால் வீட்டுக்கார அம்மாவின் கைப்பையில் ஒரு தடவை பாருங்கள். அங்கேயே பத்திரமாக இருந்தாலும் இருக்கும். அதற்குள் யாரோ பெற்ற பிள்ளையின் கன்னம் வீங்கியிருந்தால், அந்தப் பாவத்தைக் கழுவ அருவி ஐந்து போதாது!