ஓசை அடங்கிய கணினி

கொழும்பு ஜிந்துப்பிட்டியின் ஒடுங்கிய வீடுகள் பலவற்றில் கூடமே வரவேற்பறை. அதுவே பிள்ளைகட்குப் படிப்பறை. இரவில் முதியோர்க்குப் படுக்கையறை. அங்கே படம் பார்க்கவும் விளையாடவும் கணினி அமைக்க விழையும் இளைஞர் முதற்கண் எண்ண வேண்டுவது அதன் வேகத்தை அன்று, இரைச்சலையே.

இரைச்சலை அடக்கக் கணினியை அலுமாரிக்குள் அடைப்பார் உளர். அது பொருந்தாது. கணினி கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். அவ்வெப்பத்திற்குப் போக்கிடம் இன்றேல் விசிறிகள் மேலும் விரைந்து சுழன்று கதறும். ஆண்டு முழுவதும் வெம்மை குன்றாத கொழும்பில் இதனைச் சொல்லவும் வேண்டுமோ?

அமைதி பிறப்பது அடைப்பதால் அன்று, காற்றுக்கு வழிவிடுவதால். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை ஏறக்குறைய 15 டெசிபெல் தணியும். ஆனால் காற்றும் பாதியாகும். ஆதலின் 8 சென்ரிமீற்றர் விசிறியை விடுத்து 14 சென்ரிமீற்றர் விசிறியைக் கொள்க. அது மெல்லச் சுழன்றே அவ்வளவு காற்றைத் தள்ளும். சுழலும் வன்தட்டுக்கு மாற்றாக, அசையும் உறுப்பற்ற திண்மநிலை வட்டைப் பொருத்துக. விளையாடும்போது மிகுதியாகச் சுடுவது வரைகலை அட்டை; அதன் மின்வரம்பைச் சிறிது தாழ்த்தினால் காட்சியில் இழப்புச் சிறிது, அமைதியில் பேறு பெரிது. காற்றுவழியில் படியும் தூசியையும் அவ்வப்போது துடைத்தல் வேண்டும்.

பேரன் விளையாடுகையில் அருகே உறங்கும் பாட்டியின் துயில் கலையாதிருத்தலே இப்பொறிக்கு உரைகல்.