பிடிஎஃப் அனுப்பினால் போதுமா?

வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருந்தால், அக்கறையுள்ள ஆசிரியர் முதலில் என்ன செய்வார்? பாடக்குறிப்பைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப்பில் அனுப்புவார். “போன்தான் வாசித்துக் காட்டுமே” என்பது அவர் எண்ணம். நம் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கோப்பைத் திறந்த மாணவருக்குப் பல நேரம் ஒன்றுமே கேட்பதில்லை.

போன் எப்படி வாசிக்கிறது என்று பார்ப்போம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், கணினியில் என்விடிஏ என்று திரைவாசிப்பான்கள் உண்டு, இரண்டுமே இலவசம். இவை நம்மைப்போலப் பக்கத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. கோப்புக்குள் எழுத்தாகப் பதிந்திருப்பதை எடுத்து ஒலியாக்குகின்றன. புத்தகத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃபில் எழுத்தே கிடையாது, எழுத்தின் புகைப்படம்தான் இருக்கிறது. பந்தியைப் படம்பிடித்து அனுப்பினால் பசி ஆறுமா?

சரி, டைப் செய்த குறிப்பு? இங்கேதான் தமிழுக்கே உரிய சிக்கல் வருகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்து. திரையில் தெரியும் வடிவம் மட்டும் தமிழ். நம் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். குறுந்தொகை உரை பக்கம் பக்கமாக இப்படிக் காதில் விழுந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்! யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் இருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. பாடக்குறிப்புகளை விட்டுப் பாமினி இன்னும் போகவில்லை.

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடம் தரச் சொல்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். இடம் கிடைத்து உள்ளே வந்தவருக்குப் பாடமும் கிடைக்க, யூனிகோடில் தட்டச்சிட்ட வேர்ட் கோப்பு இருந்தாலே பெரும்பாலும் போதும். பழைய புத்தகம் என்றால் ஸ்கேன் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படம் எழுத்தாகிவிடும். பிழைகள் இருக்கும், யாராவது உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். திருத்திய கோப்பு வகுப்புக்கே உதவும். தினமும் பஸ்ஸில் நின்றபடி வரும் மாணவி அதைக் காதில் கேட்டுக்கொண்டே வரலாம். தமிழ்வழியில் படித்து வந்தவர் ஆங்கிலக் குறிப்பில் புரியாத சொல்லை அப்படியே எடுத்து அகராதியில் தேடலாம்.

அனுப்பும் முன் நம் போனிலேயே டாக்பேக்கைப் போட்டு முதல் பக்கத்தைக் கேட்டுவிடுவோம். மிச்சத்தை அந்த மாணவரிடமே கேட்டுக்கொள்ளலாம். குறிப்பில் வரும் அட்டவணைகள் காதில் எப்படி விழுகின்றன என்று சொல்ல அவருக்கு நிறைய இருக்கும்.