ஸ்பின் மாறினால் எலக்ட்ரான் தயங்கும்

ஃபெரோசீன் ஆரஞ்சு நிறத் தூள். புட்டியைத் திறந்தால் கற்பூர வாசனை அடிக்கும். 1951-இல் அறிவிக்கப்பட்ட இந்தக் கரிம உலோகச் சேர்மத்தில், இரண்டு ஐங்கோணக் கார்பன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு அமர்ந்திருக்கிறது. 1984-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இந்தக் குடும்பச் சேர்மத்தைக் கொண்டு ரத்தச் சர்க்கரையை அளக்கும் மின்முனையை உருவாக்கினார்கள். குளுக்கோஸிடமிருந்து நொதி எடுத்த எலக்ட்ரானை மின்முனையில் சேர்ப்பது அந்தச் சேர்மத்தின் வேலை. அதைச் சட்டென்று செய்து முடிக்க முடிவதற்கு எலக்ட்ரானின் ஸ்பின் ஒரு முக்கியக் காரணம்.

ஸ்பின் என்பது எலக்ட்ரானோடு பிறந்த காந்தப் பண்பு. மேல், கீழ் என்று இரண்டே நிலை. இத்தகைய சேர்மங்களில் இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களின் வெளி எலக்ட்ரான்கள் டி-ஆர்பிட்டால்கள் எனப்படும் ஐந்து இருப்பிடங்களில் இருக்கின்றன. ஆற்றல் குறைந்தவற்றில் ஜோடி சேர்ந்து அடங்கினால் அது தாழ் ஸ்பின். தனித்தனியாகப் பரவி நின்றால் உயர் ஸ்பின். பரவும்போது பிணைப்பைத் தளர்த்தும் ஆர்பிட்டால்களிலும் எலக்ட்ரான் ஏறிவிடும். பிணைப்பு நீளும். ஃபெரோசீனின் இரும்பு இடத்தில் மாங்கனீசு அமர்ந்த சேர்மம் மாங்கனோசீன். அதன் உயர் ஸ்பின் நிலையில் மாங்கனீசு-கார்பன் தூரம் சுமார் 2.38 ஆங்ஸ்ட்ராம். வளையங்களில் பத்து மெத்தில் தொகுதிகளைச் சேர்த்தால் அது தாழ் ஸ்பின்னுக்கு மாறுகிறது. தூரம் சுமார் 2.11-ஆகச் சுருங்குகிறது. உலோகமும் அதேதான், அதன் எலக்ட்ரான் எண்ணிக்கையும் அதேதான்.

ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் கண நேரத்தில் தாவிவிடும். கனமான அணுக்கருக்களால் அந்த வேகத்துக்கு நகர முடியாது. ஆகவே கொடுக்கும் மூலக்கூறும் வாங்கும் மூலக்கூறும் தாவலுக்கு முன்பே தங்கள் பிணைப்புகளைச் சரிசெய்துகொண்டாக வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றலைக் கணக்கிட வழி சொன்ன ருடால்ஃப் மார்க்கஸ் 1992-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ஃபெரோசீன் ஓர் எலக்ட்ரானை இழந்த பிறகும் தாழ் ஸ்பின்னிலேயே நிற்கிறது. பிணைப்பு நீளம் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் செலவு சொற்பம்.

ஆறு அம்மோனியா சூழ்ந்த கோபால்ட் அயனி இதற்கு நேர்மாறு. அது கரிம உலோகச் சேர்மம் அல்ல. ஆனாலும் இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. தாழ் ஸ்பின்னில் இருக்கும் அந்த அயனி ஓர் எலக்ட்ரானைப் பெற்றதும் உயர் ஸ்பின்னுக்குப் போகிறது. பிணைப்பு சுமார் 0.2 ஆங்ஸ்ட்ராம் நீள்கிறது. எலக்ட்ரானைப் பெறும் முன்பும் பின்பும் தாழ் ஸ்பின்னாகவே இருக்கும், அதேபோல் அம்மோனியா சூழ்ந்த ருதீனியம் அயனியைவிட இங்கே எலக்ட்ரான் கைமாறுவது பல கோடி மடங்கு மெதுவு.

குறை கோபால்ட்டில் இல்லை. அதே உலோகம் ஐங்கோண வளையங்களுக்கு நடுவே கோபால்டோசீனாக இருக்கும்போது இரு நிலைகளிலும் தாழ் ஸ்பின்தான். எலக்ட்ரான் தங்குதடையின்றிக் கைமாறுகிறது. சென்சாருக்கோ மின்கலத்துக்கோ புதிய மூலக்கூறு தேடுபவர்கள் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. எலக்ட்ரான் போன பிறகு ஸ்பின் நிலை மாறுமா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.